பழைய சவரக்கத்தியின் பிடி: எதை மீட்பது, எதைக் கழற்றி எறிவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கையில் இரண்டு மடக்குச் சவரக்கத்திகள். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. கறுப்புக் கொம்புப் பிடி, சுழலும் ஆணியை ஒட்டி விரிசல், அங்கங்கே பூச்சி அரித்த குழி, மூடினால் அலகு ஒரு பக்கம் உரசுகிறது. மற்றது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும் பிடி. அலகில் அந்தப் பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் துருப்பிடித்துக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் மரத்தில் புதுப்பிடி போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். முதல் கத்திக்கு வேண்டாம். இரண்டாவதற்குக் கட்டாயம் வேண்டும். அதுவும் புதுப்பிடி தயாராகும்வரை காத்திருக்காமல் பழையதை இன்றே கழற்றிவிடுங்கள்.

அவசரம் உள்ளதை முதலில் பார்ப்போம். அந்தத் தேன் நிறப் பிடி அநேகமாக செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செய்த பொருள் அது. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் 1870ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு தந்தம், ஆமையோடு, கொம்பு எல்லாவற்றுக்கும் மலிவான மாற்றாக சவரக்கத்திப் பிடிகளில் புகுந்துவிட்டது. வயதானால் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கசியவிடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் எஃகை அது தின்னும். பிடிக்கு வெளியே இருக்கும் வால் பளபளப்பாக இருக்க, உள்ளே இருக்கும் அலகு மட்டும் அரித்திருந்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. பிடியின் உள்ளே கட்டம் கட்டமாக நுண்விரிசல் ஓடும், தொட்டால் பிசுபிசுக்கும், மூக்கைக் குத்தும் வாடை வரும். இந்த நிலையை எட்டிய பிடியை எந்த எண்ணெயும் மெருகும் காப்பாற்றாது. பக்கத்தில் வைத்த மற்றக் கத்திகளையும் அந்த வாயு கெடுக்கும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடி வைக்காதீர்கள். கழற்றியதை வீட்டுக்குள் சேர்த்தும் வைக்க வேண்டாம், தீ பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்டு எல்லாமே இப்படிப் போவதில்லை. தந்தம்போல் தோன்ற வெண்மை ஏற்றிய பிடிகளில் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு கலந்திருக்கும். கசியும் அமிலத்தை அது ஓரளவு உறிஞ்சிவிடுவதால் அவை நெடுநாள் தாங்குகின்றன. வெளிச்சம் ஊடுருவும் வகைகளும் ஆமையோட்டு நகல்களும்தான் முதலில் விழுகின்றன. வெள்ளைப் பிடி கத்தி ஒன்று நன்றாக இருந்தால் கழற்றத் தேவையில்லை. தனியாக, காற்றோட்டமாக வைத்து அவ்வப்போது அலகைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பிடி எதனால் ஆனது என்று உறுதிசெய்ய எளிய வழி, மறைவான இடத்தில் விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்வது. கற்பூர வாடை என்றால் செல்லுலாய்டு, கந்தக வாடை என்றால் எபோனைட் எனப்படும் கடின ரப்பர். கொம்பு சூடேறினால் முடி கருகும் வாடையின் சாயல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நீளவாக்கில் நார்கள் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். செல்லுலாய்டாக இருந்துவிட்டால் அந்தச் சோதனையே தீ விபத்தாகிவிடும், செய்யாதீர்கள். தந்தமோ ஆமையோடோ என்று தெரியவந்தால் பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின்படி இவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஆப்பிரிக்க யானைத் தந்தத்துக்கான தடை 1989ல் முடிவானது. ஒரு நாட்டு எல்லையைத் தாண்டினாலே சிக்கல்.

இனி பிடியின் வேலை என்னவென்று பார்த்துவிட்டால் மற்றது எல்லாம் எளிதாக விளங்கும். அலகைப் போர்த்தி வைக்கும் உறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வில். இரண்டு மெல்லிய தகடுகள். ஒரு முனையில் அலகின் கழுத்தைத் துளைத்துச் செல்லும் சுழல் ஆணி, மறு முனையில் தகடுகளுக்கு நடுவே ஓர் ஆப்பு, அதைப் பிடித்திருக்கும் இன்னோர் ஆணி. சில கத்திகளில் நடுவிலும் ஒன்று இருக்கும். ஆப்பு கழுத்தைவிட மெல்லியது, ஆகவே தகடுகள் இரண்டும் லேசாக வளைந்து நிற்க, அந்த இறுக்கம் கழுத்தை இருபுறமும் அணைத்துப் பிடிக்கிறது. திறந்த அலகு தானாக மடங்காமல் நிற்பது இதனால்தான். ஆப்பு அதிகத் தடிமனானால் வில்லின் விறைப்பு போய் அலகு தொளதொளக்கும். அதிகம் மெலிந்தால் தகடுகள் நடுவில் நெருங்கி அலகில் உரசும். உங்கள் ஷெஃபீல்டு கத்தி உரசுவதற்குக் காரணம், காய்ந்து முறுக்கிக்கொண்ட கொம்புத் தகடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். அலகின் கூர்விளிம்பில் முதலில் தடித்த டேப்பைச் சுற்றிவிடுங்கள். மந்தமான கத்தி என்று நம்ப வேண்டாம், விரலைப் பிளக்க அது போதும். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் ஆணித்தலைக்கு அடியில் வாஷர் இருக்காது. தலை நேரடியாகக் கொம்பில் உட்கார்ந்திருக்கும். ஆகவே துளையிட்ட மெல்லிய தகரத் துண்டை ஆணியின் மேல் பொருத்தி, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைச் சிறிய அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு துளையுள்ள மரக்கட்டையின் மேல் வைத்து, ஆணியைவிடச் சற்று மெல்லிய ‘பஞ்ச்’ எனும் எஃகுக் குச்சியை வைத்து மெதுவாகத் தட்டி வெளியேற்றுங்கள். வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ரிவிட் அடித்தபோது ஆணி துளைக்குள்ளேயே உப்பியிருக்கும், இரும்பு ஆணி என்றால் துருவும் சேர்ந்து இறுகியிருக்கும். மெல்லிய டிரில் பிட்டால் ஆணியின் தலைப்பகுதியைக் கொஞ்சம் குடைந்துவிட்டு மறுபடி முயலுங்கள். கொம்பு பிளப்பது பெரும்பாலும் இந்த ஒரு நிமிட அவசரத்தில்தான். ஆப்பு முனை உறுதியாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சுழல் ஆணியை மட்டும் எடுத்தாலே அலகு தனியே வந்துவிடும். அப்போதுதான் கழுத்தின் பக்கங்களில் இத்தனை காலம் ஒளிந்திருந்த துரு கண்ணில் படும். அதைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. செல்லுலாய்டு கத்தியில் இந்த நிதானம் எதுவும் தேவையில்லை. எறியப்போகிற பிடிதானே, தகட்டுக்கும் கழுத்துக்கும் இடையே நகைத் தொழிலாளரின் மெல்லிய ரம்பத்தை நுழைத்து ஆணியை அறுத்துவிடலாம்.

கொம்பு என்பது கெரட்டின், நம் நகமும் முடியும் ஆன அதே பொருள். காய்ந்தால் சுருங்கும், அடுக்கடுக்காகப் பிரியும். கம்பளம் தின்னும் வண்டின் புழுக்களுக்குக் கொம்பும் உணவுதான், நீங்கள் சொல்லும் குழிகள் அவை அரித்தவை. உள்ளே உயிரோடு ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், தகடுகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்களில் கையாளும் முறைதான் இது.

அடுத்து எதை முதலில் செய்வது என்பதில் கவனம் வேண்டும். முறுக்கை நிமிர்த்துவது முதலில், பிறகு ஒட்டு வேலை, எண்ணெய் கடைசியில். எண்ணெய் ஊறிய கொம்பில் எந்தப் பசையும் பிடிக்காது. விரிசலுக்குள் இருக்கும் அழுக்கை ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்து, தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு வைத்தால் அது தானாக உள்ளே இறங்கும். உடனே கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சுழல் ஆணிக்கு அருகில் விரிசல் ஓடியிருப்பதால் பசையை மட்டும் நம்ப முடியாது. தகட்டின் உட்புறத்தில், துளையைச் சுற்றி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய ஜி-10 (கண்ணாடி இழையை எபாக்ஸியில் இறுக்கியது) தகட்டுத் துண்டை எபாக்ஸி வைத்து ஒட்டிவிட்டு, துளையை அதன் வழியாக மறுபடி போடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தத் துண்டின் தடிமன் கழுத்துப் பக்க இடைவெளியை மாற்றும். எனவே அதே தடிமனில் மறு தகட்டிலும் ஒன்று வையுங்கள், இல்லையென்றால் அலகு நடுவிலிருந்து விலகும்.

குழிகளைக் கறுப்பு நிறமி கலந்த எபாக்ஸியால் நிரப்பலாம். கொம்புத் தூளை சூப்பர் க்ளூவோடு குழைத்து அடைக்கும் முறையும் உண்டு. ஆனால் கறுப்புக் கொம்பில் அது சாம்பல் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. குழி விளிம்புக்கு மேல் சற்று உயரமாக நிரப்பிக் காயவிட்டுத் தேய்த்துச் சமமாக்குங்கள்.

முறுக்கிய தகட்டை நிமிர்த்த வெப்பம் போதும். கொம்பு சூட்டில் இளகி, ஆறும்போது கொடுத்த வடிவத்தில் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொம்புப் பிடிகளில் தலைவர்களின் உருவங்களையும் கழுகுகளையும் அச்சில் அழுத்திப் புடைப்பாக எடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். தகட்டைக் கொதிநீரில் சில நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறும்வரை, முடிந்தால் மறுநாள்வரை விட்டுவிடுங்கள். கொம்பு கொஞ்சம் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். இன்னொரு முறை செய்தால் அடங்கும். எபாக்ஸி கொதிநீரில் இளகக்கூடும் என்பதால் இந்த நிமிர்த்தலை ஒட்டு வேலைக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக 400, 600, 1000, 2000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய் மெருகேற்றி, மாட்டுக்காலிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் சில நாள் ஊறவைத்துத் துடைத்தால், சாம்பல் பூத்திருந்த தகட்டின் ஆழத்திலிருந்து பழைய கறுப்பு எழுந்து வரும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே செருகிவிடுகிறேன். வெளிர் நிறக் கொம்பில் ஆமையோடுபோல் செந்நிற, பழுப்புத் திட்டுகள் போட்ட பிடிகள் உண்டு. அந்தத் திட்டுகளைப் பெரும்பாலும் சுண்ணாம்பும் ஈய ஆக்சைடும் குழைத்துப் பூசி உண்டாக்கினார்கள். கெரட்டினில் இருக்கும் கந்தகத்தோடு ஈயம் சேர்ந்து கருமை படர்ந்தது. நிறம் மேல்தோல் ஆழம்தான், தேய்த்தால் போய்விடும். வரும் தூளில் ஈயமும் இருக்கும். அத்தகைய பிடியை உப்புத்தாளால் தொடாமல் எண்ணெயோடு நிறுத்திவிடுங்கள். ஷெஃபீல்டு கத்திகளில் ஆப்பே ஈயத்தில் இருப்பதும் உண்டு. அதை எடுத்து எறிய வேண்டியதில்லை, உலர்நிலையில் தேய்க்காமல் இருந்தால் போதும். எபோனைட் பிடி யாரிடமாவது இருந்தால், அதை வெந்நீரில் போடவே கூடாது. கறுப்பு மறைந்து பச்சைப் பழுப்பாகிவிடும்.

சோலிங்கனுக்குப் புதுப்பிடி. கழற்றிய அலகின் சுழல் துளையில் ஓர் ஆணியைச் செருகி, வெளிச்சம் ஊடுருவும் அக்ரிலிக் தகட்டின் மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். மூடிய நிலையில் கூர்விளிம்பு முழுக்கப் பிடிக்குள் மறைய வேண்டும். அலகின் முனை ஆப்பைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், முதுகு விரலுக்கு எட்டும்படி சற்று வெளியே தெரியலாம். இந்த எல்லைகளைக் குறித்துக்கொண்டால் அதற்குள் எந்த வடிவம் வரைந்தாலும் வேலை செய்யும். பழைய பிடி உடையாமல் வந்திருந்தால் அதையே வைத்து வரைந்துகொள்வது இன்னும் நல்லது. அளவு சொல்ல வேண்டுமென்றால், 5/8 அல்லது 6/8 அங்குல அகல அலகுக்குத் தகடு ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், மரமானால் 2.5 முதல் 3 மி.மீ. தடிமன்.

மரம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், ஆகவே கருங்காலி அல்லது ஈட்டி போன்ற நெருக்கமான நாருள்ள மரமாக எடுங்கள். நார் தகட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். அழகான அலைநார் குறுக்கே போகும் துண்டு, ரிவிட் அடிக்கும்போது துளையருகே பிளக்கும். என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மரத்தைவிட ஜி-10 அல்லது மைக்கார்ட்டாவை (துணியையோ காகிதத்தையோ பிசினில் இறுக்கிய தகடு) சொல்வேன். தண்ணீரைக் கண்டால் அசையாது, 2 மி.மீ. தடிமனிலேயே விறைப்பாக நிற்கும். எடையும் கவனிக்க வேண்டியது. சோலிங்கன் அலகு உட்குழிவாகத் தீட்டப்பட்டு இலகுவாக இருக்கும், அதற்குத் தடித்த பிடி போட்டால் கையில் பின்பக்கம் சாயும். திறந்த கத்தியை விரலில் நிறுத்தினால் சமநிலை சுழல் ஆணிக்கு அருகே விழ வேண்டும். எதைத் தேய்த்தாலும் முகக்கவசம் கட்டாயம். ஈட்டி, கருங்காலித் தூள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். கண்ணாடி இழை, கார்பன் இழை, சிப்பி, எலும்புத் தூள்கள் நுரையீரலுக்கு ஆகாது. இவற்றை ஈரமாகவே தேயுங்கள்.

இரண்டு பலகைத் துண்டுகளையும் உள்முகம் உள்முகமாக இருபக்க டேப்பால் ஒட்டி, வடிவம் வெட்டும் முன்பே துளை போட்டுவிடுங்கள். கையில் பிடித்த டிரில்லில் நேராக வராது, ஸ்டாண்டு டிரில் வேண்டும். சாய்ந்த துளைதான் பின்னால் அலகை ஒரு பக்கம் தள்ளும். 1.6 மி.மீ. பிட் போதும். சுழல் துளையைப் போட்டதும் அதில் ஓர் ஆணியைச் செருகிவிட்டு, பிறகு ஆப்புத் துளையைப் போட்டால் பலகைகள் நகராது. அலகின் துளை பெரிதாகத் தேய்ந்திருந்தால் அதற்குள் பொருந்தும் பித்தளைக் குழாய்த் துண்டை வெட்டிச் செருகிக்கொள்ளுங்கள். வடிவம் வெட்டி, ஓரங்களை உருட்டி, பிரித்தபின் உட்புறத்தையும் வெளிப்புறம் அளவுக்கே வார்னிஷ் செய்ய வேண்டும். சவரத்தின் ஈரம் தங்குவது உள்ளேதான். பூசாமல் விட்ட உட்புறம் ஈரம் குடித்துத் தகட்டை வளைத்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை அசிட்டோனால் துடைத்துவிட்டுப் பூசினால் பூச்சு உரியாது.

ஆப்பைச் செய்வதில் அளவுகோலைவிடக் கண்ணை நம்புங்கள். கழுத்தைவிட மெல்லியதாக, ஆனால் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தொடங்கி, பொடி மரைத் திருகுகளால் கத்தியைத் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள். 1.6 மி.மீ. திருகும் நட்டும் இதற்கு அளவாக இருக்கும். ஆப்பின் இரு முகங்களும் தகடு படியும் சாய்வுக்கு ஒத்திருக்க வேண்டும், சந்தில் எந்தப் பக்கமும் வெளிச்சம் தெரியக் கூடாது. கழற்று, இரண்டு இழுப்பு தேய், பூட்டு, மூடித் திற. அலுப்பான வேலைதான். ஆனால் இங்கே சரிப்படாத எதுவும் ரிவிட் அடித்தபின் சரிப்படாது.

ரிவிட் அடிப்பதைப் பற்றி நீட்டிச் சொல்கிறேன், புதிதாகச் செய்பவர்கள் பயப்படுவது இங்கேதான். 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி மென்மையாகப் பரவும், நிக்கல் சில்வர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் முறைக்குப் பித்தளையே எடுங்கள். கம்பியின் முனையை அரத்தால் சரிசெங்குத்தாகத் தேய்த்து, வைஸில் கொஞ்சம் வெளியே நீட்டிப் பிடித்து, ஒரு பக்கத் தலையைத் தனியாகவே தட்டி உருவாக்கிவிடுங்கள். பிறகு வாஷரோடு சேர்த்துக் கத்தியில் செருகி, மறுபக்க வாஷருக்கு மேல் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் விட்டு வெட்டுங்கள். அதிகம் விட்டால் கம்பி வளைந்து படுக்கும், குறைத்துவிட்டால் வாஷரைப் பிடிக்காது. எஃகு அடைகல்லில் முதல் தலைக்கு அளவாக ஒரு சிறு குழி இருந்தால் அது நசுங்காது.

சுத்தியல் சிறிதாக, உருண்டை முகம் மெருகேறியதாக இருக்கட்டும். மணிக்கட்டைத் தளர்த்தி, சுத்தியலின் எடை மட்டும் விழும்படி தட்டுங்கள். நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். தலை காளான்போல் மெல்ல விரியும். பத்துப் பதினைந்து தட்டலுக்கு ஒருமுறை கத்தியைத் திருப்பி மறுபக்கத்துக்கும் கொடுங்கள். ஓங்கி அடித்தால் கம்பி தலையில் விரிவதற்குப் பதில் துளைக்குள் உப்பித் தகட்டைப் பிளக்கும். ஆப்பு முனையை முதலில் முடிப்பது என் வழக்கம். அங்கே இறுக்கம் கூடினாலும் கேடில்லை, கையும் பழகிவிடும். சுழல் ஆணியில் அலகு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்தி, இரண்டு தட்டு, திறந்து பார், மறுபடி இரண்டு தட்டு என்று போங்கள். அலகை எந்தக் கோணத்தில் விட்டாலும் தன் எடையில் விழாமல் நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் முனகாமல் நகர வேண்டும். அதிகம் இறுக்கிவிட்டால் தளர்த்த வழி ஏறக்குறைய இல்லை, ஆணித்தலையைத் தேய்த்துப் புதிதாகப் போட வேண்டும். கழுத்துக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய பித்தளை வாஷர் வைப்பது நகர்வை மிருதுவாக்கும். பழைய பல கத்திகளில் அது இல்லை, ஷெஃபீல்டில் நீங்களும் சேர்க்காமல் விடுங்கள்.

மூடும்போது அலகு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தால், ரிவிட் அடிக்கும் முன், திருகுகளில் இருக்கும்போதே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தகட்டையும் கண்ணாடிமேல் படுக்கவைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பின் இரு பக்கச் சாய்வும் ஒன்றா என்று பாருங்கள். துளையில் செருகிய கம்பி தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் வளைந்திருப்பது அலகே. பழைய கத்திகளில் இது அபூர்வமில்லை, அடித்து வடித்த எஃகு நீரில் தோயும்போதே லேசாகத் திரும்பியிருக்கும். அதைச் சுத்தியலால் நிமிர்த்தப் போகாதீர்கள், கண்ணாடிபோல் உடையும். ஒரு தகட்டின் உட்புறத்தை உரசும் இடத்தில் மட்டும் இம்மியளவு குடைந்துவிட்டால் அலகு தொடாமல் இறங்கும்.

மெருகேற்றும் சக்கரத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஓடும் சக்கரம் அலகின் முனையைக் கவ்வினால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே பூட்டிய கத்தியை அதனருகே கொண்டுபோகவே கூடாது. மெருகெல்லாம் தகடுகள் தனியாக இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். பூட்டியபின் தேவைப்படும் துடைப்பைத் துணியால் கையிலேயே செய்யுங்கள், கூர்விளிம்பின் டேப்பை அதற்கும் பிறகு உரியுங்கள்.